மனைவிக்கு ஆறு வயது கூடியது

மகள் ஸ்ரீரங்கத்தில் வாங்கிய ஃப்ளாட் இரண்டாவது மாடியில் இருந்தது. கிரகப்பிரவேசத்துக்குப் பசுவும் கன்றும் வீட்டுக்குள் வந்தே ஆகவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒற்றைக்காலில் நின்றார்கள். பசு வாழைப்பழத்துக்கு ஆசைப்பட்டு சமர்த்தாகப் படியேறிவிட்டது. கன்று மாட்டேன் என்று கீழேயே நின்றுகொண்டது. அது கத்தியதுதான் தாமதம், பசு கூடத்தைச் சுற்றிச் சுழன்று, குத்துவிளக்கைச் சாய்த்து, புதுத் தரையில் வழுக்கி, கடைசியில் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் என் மனைவி.

பசு அவளை முட்டவில்லை. மூக்கை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். இவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மாரடைப்பு என்றுதான் நினைத்தோம். ஆஞ்சியோ பார்த்துவிட்டு வந்த டாக்டரம்மா சிரித்த முகமாக இருந்தார்.

“ரத்தக்குழாய்ல அடைப்பே இல்லைங்க ஐயா. பெரிய அதிர்ச்சி வந்தா சில பேருக்கு இதயத்தோட கீழ்ப்பாகம் உப்பிப்போய், சரியா சுருங்காது. பெரும்பாலும் கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிடும். மாடு முட்டுச்சா?”

“முட்டலைங்க. பாத்துச்சு.”

“அம்மாவுக்கு என்ன வயசு?”

அறுபத்தெட்டு என்றேன். ஆதார் அட்டையும் அதையேதான் சொன்னது.

“அப்ப நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம். இன்னும் வயசானவங்களா இருந்தா விட மாட்டேன். வயசு ஏற ஏற இது தேர்றது மெதுவாத்தான் இருக்கும். நல்லா இருக்கிற மாதிரியே இருந்துட்டு திடீர்னு மூச்சு முட்டும்.”

இந்த நல்ல சேதியை ஒரு வார்த்தை விடாமல் நான் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சாயங்காலம் டாக்டரம்மா சுற்றி வந்தபோது, முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, “டாக்டரம்மா, எனக்கு எழுபத்திநாலு” என்றாள்.

“மருந்து மயக்கத்துல உளர்றாங்க” என்றேன் நான்.

“உளறலைங்க. செவ்வாய் தோஷம்னு வரன் எல்லாம் தட்டிப் போயிட்டே இருந்துச்சு. எங்கப்பா தரகர்கிட்ட ஆறு வயசைக் குறைச்சுச் சொல்லிட்டாரு. அப்புறம் எல்லா இடத்துலயும் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு.”

என் மாமனார் மருங்காபுரிப் பக்கம் மானாவாரியில் கடலை போட்டவர். வானத்தை நம்பிப் பிழைத்த மனிதர் மகள் விஷயத்தில் மட்டும் தன் வாயை நம்பியிருக்கிறார்! எனக்கு எழுபத்தொன்று. “சின்னவ, உனக்கென்ன தெரியும்?” என்று இத்தனை வருடமாக நான் அதட்டியதை எல்லாம் எனக்கு மூன்று வயது மூத்தவள் வாய்க்குள் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நர்ஸிடம், “நாளைக்கு டிஸ்சார்ஜ் வேண்டாம்” என்றார்.

மறுநாள் மத்தியானம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால் ஓடி வந்து பார்த்தார்கள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்க அழுதேன். வெட்கமாக எல்லாம் இல்லை.

பிழைத்துக்கொண்டாள். எழுபத்திநாலுக்கு உரிய நிதானத்தில்தான் தேறினாள். கே.கே. நகரில் எங்கள் வீட்டில் அவள் மறுபடி மாடிப்படி ஏறுவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. கடைசியாக எக்கோ எடுத்தபோது இதயம் ஒழுங்காகச் சுருங்குகிறது என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வம்புக்கு இழுக்க எனக்கு வாய் நமநமவென்றது.

“சுமங்கலியாப் போய்ச் சேரணும்னு வருஷா வருஷம் சமயபுரத்துல போய் வேண்டிக்கிறவ, எதுக்கு அன்னைக்கு உண்மையைச் சொன்ன? பேசாம இருந்திருந்தா வேண்டுதல் பலிச்சிருக்குமே?”

அவள் தலையைத் தூக்கவில்லை.

“அதுவும் அந்த அறுபத்தெட்டு மாதிரிதாங்க, ஊருக்காகச் சொன்னது. உங்கள விட்டுட்டுப் போக எனக்கு மனசே இல்ல.”