முத்துராமனின் எடைக்கு வெல்லம்

சாமுண்டீஸ்வரி ஒன்றைச் செய்வதென்று முடிவெடுத்தால் பாதியில் விடமாட்டாள். ஜாலான் புசார் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் அவளோடு குடித்தனம் நடத்தியவர் முத்துராமன். அவருக்கு அது நன்றாகவே தெரியும். அதனால்தான் 2022 ஆகஸ்டில் பாலிகிளினிக்கிலிருந்து திரும்பிய அன்று மாலை, தேங்காய் சட்னியும் பூரியும் இனி இந்த வீட்டில் கிடையாது என்று அவள் அறிவித்தபோது அவர் வாயைத் திறக்கவில்லை.

அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று, எடை 94 கிலோ. பிடோக்கில் ஒரு தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி வேலை. எந்தக் கார் எந்த வீட்டுக்கு உரியது என்பது அவருக்கு மனப்பாடம். அந்த வருடம்தான் அதில் தடுமாற்றம் வந்தது. பல வருடமாக அங்கேயே குடியிருக்கும் ஒருவரை நிறுத்தி, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டுவிட்டார். வீட்டிலும் சொன்ன கதையையே அதே மாலையில் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

பாலிகிளினிக் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், எடை பார்த்தார். உடம்பு பெருத்தால் இதயத்துக்கு மட்டுமல்ல, மூளைக்கும் நல்லதில்லை என்றார். நடுவயதிலேயே எடையைக் கட்டுக்குள் வைப்பவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்புக் குறைவாக இருக்கலாம் என்றும் சொன்னார். வாய்ப்பு என்றுதான் சொன்னார், இருக்கலாம் என்றுதான் சொன்னார். சாமுண்டீஸ்வரி அந்த இரண்டு சொற்களையும் கிளினிக்கிலேயே விட்டுவிட்டு வந்தாள். கொழுப்பு கரைந்தால் மறதியும் கரையும். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது அவ்வளவுதான்.

“சாமு, இன்னொரு கரண்டி சோறு.”

“ஒரு கரண்டி வச்சாச்சு.”

“இது கரண்டியா? டீ கலக்குற ஸ்பூன்லா.”

“சோறு வேணுமா, மூளை வேணுமா உங்களுக்கு?”

“ரெண்டும் வேணும்னா?”

“கொழுப்பு. அதத்தான் கொறைக்கப் பாக்குறேன்.”

அதே வாரம் அவள் கோயிலில் வேண்டிக்கொண்டாள். எடை குறைந்து, மனுஷன் பழைய நிதானத்துக்கு வந்துவிட்டால் துலாபாரம் கொடுக்கிறேன். ஒரு தட்டில் அவரை உட்காரவைத்து, மறுதட்டில் அவர் எடைக்கு எடை வெல்லம்.

முதல் வருடம் முழுக்கப் போராட்டம். வேலைக்குப் போகிற வழியில் கடையில் நுழைந்து வடை சாப்பிடுவார், சட்டையில் எண்ணெய்க் கறை பார்த்துக் கண்டுபிடிப்பாள். இவ்வளவு கெடுபிடிக்கும் ஆறு கிலோதான் குறைந்தது. அதன் பிறகு அவர் முரண்டு பிடிப்பதை நிறுத்திவிட்டார். வைத்ததில் பாதியை அப்படியே விட்டு எழுந்தார். மதியம் சாப்பிட்டீங்களா என்றால் ஆச்சு என்றார். ஒரு வழியாகப் பழகிவிட்டது என்று அவள் நிம்மதியடைந்தாள். 2025 ஜனவரியில் கிளினிக் சீட்டில் 80 கிலோ என்று வந்தது.

தேக்கா சந்தையில் பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். “அண்ணே, பத்து வயசு கொறஞ்சிட்டீங்களே” என்பார்கள் அவரிடம். செய்முறை கேட்பதோ அவளிடம். சிவப்பரிசி, முருங்கைக்கீரை, ராத்திரி வெறும் சூப் என்று அவளும் சலிக்காமல் சொல்வாள். அவர் தெளிவாகப் பேசிய நாளில், பார்த்தீர்களா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். லிஃப்டுக்கு முன்னால் நின்று எந்த மாடி என்று அவர் யோசித்த நாளில், தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொள்வாள்.

மகள் நிவேதிதாவுக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை.

“அம்மா, இது ஸ்லிம் இல்லம்மா. அப்பா வீக்கா இருக்காரு. பெரிய ஹாஸ்பிடல்ல ஒரு செக்கப் பண்ணிடலாம்.”

“ஊரே நல்லாருக்காருன்னு சொல்லுது. உன் கண்ணு படாம இருந்தாப் போதும்.”

ஜூனில் காவல் நிறுவனத்திலிருந்து கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கூட வேலை பார்த்த சின்னராசு வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போனான். “வண்டி வெளிய போறதுக்கு கேட்டத் தொறக்கணும்னே மறந்துட்டாருக்கா. பின்னாடி பத்து கார் ஹார்ன் அடிக்குது, அண்ணன் கேட்டையே பாத்துட்டு நிக்கிறாரு.”

சாமுண்டீஸ்வரி அன்று வேறு கணக்குப் போட்டாள். எடை குறைந்தாகிவிட்டது. கேட்டதில் பாதி கிடைத்துவிட்டது. வேண்டுதலைச் செலுத்தாமல் தள்ளிப்போட்டதால்தான் மறு பாதி நிற்கிறது. செலுத்திவிட்டால் புத்தியும் பின்னாலேயே வந்துவிடும்.

சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் ஒரு கிலோ வெல்லப் பொட்டலம் எண்பது வாங்கினாள். ஜூலை பதினெட்டு, ஆடி முதல் வெள்ளி. முத்துராமன் குளித்து, புது வேட்டி கட்டி, சொன்னபடி தட்டில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கோயில் தொண்டர் சுரேந்தர் மறுதட்டில் பொட்டலங்களை அடுக்கினான். சுற்றி நின்றவர்கள் கைகூப்பினார்கள். அறுபத்தேழாவது பொட்டலம் வைத்ததும் முத்துராமன் இருந்த தட்டு மெல்ல மேலே எழும்பியது.

“போதும்மா, ஏறிடுச்சு.”

“இன்னும் இருக்கு தம்பி, வைங்க.”

“வெல்லத் தட்டு தரையத் தொட்டுடுச்சும்மா. இதுக்கு மேல வச்சா அய்யா பறந்துடுவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் அவள் தோளைத் தொட்டு, “அக்கா, செலவ மிச்சம் பண்ணிட்டாரு உங்க வீட்டுக்காரரு” என்றாள்.

சாமுண்டீஸ்வரி தரையில் மிஞ்சிக் கிடந்த பொட்டலங்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்தெலும்பு குழிவிழுந்து, எதற்கு இங்கே உட்காரவைத்திருக்கிறார்கள் என்று கேட்பதைப் போல அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனவரிக்குப் பிறகு அவள் சாப்பாட்டில் எதையும் குறைக்கவில்லை. வேலை போன பிறகு இரண்டு இட்லி கூடத்தான் வைத்தாள். இந்தப் பதின்மூன்று கிலோ அவள் குறைத்ததில்லை.

அன்று இரவு அவளே மகளைக் கூப்பிட்டு, செக்கப்புக்கு நாள் வாங்கச் சொன்னாள்.

பரிசோதனைகள் எல்லாம் முடிய செப்டம்பர் ஆயிற்று. டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை நிவேதிதா தமிழில் சொன்னாள். முதலில் ஒரு கேள்வி: அப்பா சாப்பிட்டேன் என்றபோது, அவர் சாப்பிட்டதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? பார்த்ததில்லை என்றாள் சாமுண்டீஸ்வரி. சாப்பிடவில்லை என்பதே அவருக்கு மறந்திருக்கும், பசி கூடச் சரியாகத் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். இந்த வயதில் காரணம் தெரியாமல் இறங்கும் எடை சிலருக்கு நோயின் வேலையாகவே இருக்கும், மறதி பளிச்சென்று தெரிவதற்குச் சில வருடம் முன்னாலேயே தொடங்கிவிடலாம்.

“நான் சோத்தக் கொறச்சதாலயா வந்துச்சுன்னு கேளு.”

நிவேதிதா கேட்டாள். டாக்டர் இல்லையென்று தலையை அசைத்தார். “உங்களால இல்லையாம், அம்மா. அப்படி நெனைக்கவே கூடாதாம்.”

அதைக் கேட்டு அவளுக்கு ஆறுதல் வரவில்லை. தன்னால் வந்ததென்றால் தன்னாலேயே சரிசெய்யலாம். எண்ணெயும் நெய்யும் ஊற்றி மூன்றே மாதத்தில் பழைய ஆளாக்கிவிடுவாள்.

“அப்ப எடைய ஏத்திட்டா?”

“உடம்புக்குத் தெம்பு வருமாம். எது புடிக்குதோ குடுங்கங்கறாரு.” நிவேதிதா கொஞ்சம் நிறுத்தினாள். “மறதி போகாதாம்மா.”

மறுநாள் காலை கீழே உள்ள சாப்பாட்டுக் கடைக்கு அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போனாள். முட்டைப் புரோட்டா இரண்டு, ஆட்டுக்கறிக் குழம்பு, சர்க்கரை தூக்கலாக, நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று சொன்னாள். தட்டு வந்ததும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. கை நீண்டது. பாதியில் திரும்பிவிட்டது.

“வேணாம்மா.”

“சாப்பிடுங்க. டாக்டரே சொல்லிட்டாரு.”

“டாக்டரு சொல்லுவாரு. வீட்டுல ஒருத்தி இருக்கா. தெரிஞ்சா தொலச்சுடுவா.”

சாமுண்டீஸ்வரி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் விளையாடவில்லை.

“அவ ஒண்ணும் சொல்ல மாட்டா” என்றாள்.

“உங்களுக்கு அவளத் தெரியாது.” அவர் மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “நல்லவதான். எல்லாம் என் மூளைக்காகத்தான் செய்யுறா.”

தட்டை அவள் பக்கம் தள்ளினார். “நீங்க சாப்பிடுங்க, ஆறிடும்.”

அவள் ஒரு துண்டைப் பிய்த்துக் குழம்பில் நனைத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்த்தார்.