இருபத்திரெண்டு திருகு

நன்னிலத்துக்குக் கிழக்கே ஆத்துக்குக் குறுக்கால, தண்ணியை மறிச்சு வாய்க்காலுக்குத் திருப்புற ஒரு ரெகுலேட்டர் இருந்துச்சு. தென்கரையில ஒரு ஓட்டுக் கொட்டகை. அதுல வருஷக்கணக்கா ஒண்டியா இருந்தவரு ரெத்தினம். பொதுப்பணித்துறையில லஸ்கர். பேரைக் கேட்டுப் பெரிய உத்தியோகம்னு நெனச்சுடாதீங்க. மேலேருந்து உத்தரவு வந்தா ஷட்டரை, அதான் மதகுக் கதவை, தூக்கணும், உத்தரவு வந்தா எறக்கணும், அவ்வளவுதான். ஆனா அந்த ஆளு கையில இருக்குற இரும்புக் கைப்பிடி இல்லாம ஒரு ஷட்டரும் அசையாது. ஆத்துலேருந்து வாய்க்கால் பிரியுற தலைப்புல இருக்குற ஷட்டருக்கு இருபத்திரெண்டு திருகு. தொறக்கவும் இருபத்திரெண்டு, மூடவும் இருபத்திரெண்டு.

சம்சாரம் அம்சவல்லி தலைப்பிரசவத்துலயே புள்ளையோட போயிட்டா. அந்த வருஷந்தான் இந்த இடத்துக்கு மாத்தல் வாங்கிக்கிட்டு வந்தாரு. இன்னொரு கல்யாணம் கட்டிக்கடான்னு அக்காக்காரி மூணு வருஷம் நடையா நடந்து பாத்தா, அப்புறம் அவளும் விட்டுட்டா. பேசுறதுக்கு ஆளே இல்லாம ஒரு மனுஷன் எத்தனை நாள் இருக்க முடியும்? ரெத்தினம் இருந்தாரு.

அது நில உச்சவரம்புச் சட்டம் வந்த நேரம். கழக ஆட்சி. கீழப் பண்ணை நிலத்துல உபரின்னு கொஞ்சத்தைப் பிரிச்செடுத்து, காலனியில இருந்த கூலிக்காரங்களுக்குப் பட்டா குடுத்தாங்க. அந்த வாய்க்காலோட கடைசியில, உவர் பூத்த மண்ணு. இருந்தா என்ன, சொந்த மண்ணு இல்லையா? ராசம்மாளுக்கும் அதுல ஒரு ஏக்கர் கெடைச்சுது. புருஷனைப் பாம்புக்குக் குடுத்துட்டு ரெண்டு பொண்ணுங்களோட நின்னவ. ஆனா பட்டாவுல ஒரு கொக்கி இருந்துச்சு. தரிசு போட்டாலோ வெள்ளாமை வீணானாலோ நிலம் கையை விட்டுப் போயிடும். பண்ணைக்கு அது நல்லாத் தெரியும்.

முத வருஷம். தை மாசம். பண்ணை வயலெல்லாம் பழுத்து அறுப்புக்கு நின்னுச்சு. காலனிக்காரங்க பட்டா வாங்கவே நாளாயி, பிந்தி நட்ட சம்பா. அப்பத்தான் கதிரு பால் புடிக்குது. இன்னும் பத்து நாள் தண்ணி வேணும். பட்டப்பகல்ல பண்ணைக் காரியக்காரன் துரைராசு நாலு ஆளோட சைக்கிள்ல மணியடிச்சுக்கிட்டு வந்தான்.

"தலைப்பை மூடுடா. எங்க வயலு காயணும், அறுப்பு வச்சிருக்கோம்."

"உத்தரவு இல்லாம மூட முடியாதுங்க."

"உத்தரவுதானே? இந்தா வாங்கிக்க"ன்னான் துரைராசு. நாலு பேருமாப் புடிச்சு, படித்துறையில குப்புறத் தள்ளி, பொடனியைப் புடிச்சு ஆத்துக்குள்ள அமுக்குனானுங்க. எடுத்தானுங்க. மறுபடி அமுக்குனானுங்க. மூணாவது தடவை தண்ணி மூக்குல ஏறி நெஞ்சுக்குள்ள போனப்ப, செத்தோம்னு நெனச்சாரு. எழுந்து நின்னு, இருபத்திரெண்டு திருகும் திருகி மூடுனாரு. கோழைன்னு சொல்லுறவங்க சொல்லிக்கட்டும். தலை தண்ணிக்குள்ள இருக்கும்போது யாரு வீரன்?

மாசியில ராசம்மாள் வந்தா. தலையில ஒரு முறம். கொட்டகை வாசல்ல நின்னு, முறத்தைக் கவுத்துனா. அத்தனையும் பதரு. ஒரு மணி நெல்லு இல்லை.

"இந்தாய்யா லஸ்கரு. நீ வெளைய வச்ச வெள்ளாமை. பொங்கித் தின்னு."

அவ்வளவுதான் சொன்னா. வேற நாலு பேரு மாதிரி மண்ணை வாரித் தூத்தியிருந்தாக்கூட அவரு தாங்கியிருப்பாரு. அவ போன பிறகு அந்தப் பதரைக் கூட்டித் தள்ள அவருக்கு மனசு வரலை. காத்துதான் நாலு நாள்ல கொண்டு போச்சு. அதுக்கப்புறம் அவ தெனமும் பாலத்து வழியா வேலைக்குப் போவா, வருவா. இந்தப் பக்கம் திரும்ப மாட்டா. பொண்ணுங்க கையைப் புடிச்சுக்கிட்டு, நிலத்தைத் தரிசுன்னு எழுதவிடாம ஆபீசு ஆபீசா ஏறி எறங்கி, எப்படியோ ஒரு வருஷம் தவணை வாங்கிட்டான்னு கேள்விப்பட்டாரு. இன்னொரு தடவை பதரானா நிலம் போச்சு.

ரெத்தினத்துக்கு அன்னிக்குப் புடிச்சுது வியாதி. கரையில சைக்கிள் மணி கேட்டாப் போதும், நெஞ்சு அடைச்சுக்கும், கை வேர்க்கும், மூச்சு பாதியில நின்னுக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க? ஆத்துல தலையை முக்கவே முடியலை. கரையில உக்காந்து சொம்புல மொண்டு, கண்ணை முழிச்சுக்கிட்டே குளிப்பாரு. "ஆத்துக் கரையிலயே குடியிருக்கவரு காக்கா குளியல் குளிக்கிறாரு டோய்"னு போற வர்றவங்களுக்கு அது ஒரு சிரிப்பு. திருவாரூர் ஆஸ்பத்திரியில டாக்டர் குழாயை வச்சுப் பாத்துட்டு, "நெஞ்சு கல்லாட்டம் இருக்கு, பயந்துட்டீங்க, அவ்வளவுதான்"னு ஒரு செவப்புத் தண்ணியை ஊத்திக் குடுத்தாரு. பயத்துக்கு அது என்ன பண்ணும்?

வழியப் போறவங்கள்ல அங்க நிக்கிற ஒரே ஆளு கொடிக்கால்பாளையத்து அஹமது கபீர். சைக்கிள்ல ஜவுளி மூட்டை கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போறவரு. மதியத் தொழுகைக்கு நேரமானா ரெகுலேட்டர் படியில கை கால் கழுவிட்டு, புங்கமரத்து நெழல்ல துண்டை விரிச்சுத் தொழுவாரு. தொழுகை முடிஞ்சும் கண்ணை மூடி அசையாம உக்காந்திருப்பாரு. ஒரு நாள் அவரு சைக்கிள் மணிக்கே ரெத்தினம் தூணைப் புடிச்சுக்கிட்டு வெளிறிப்போயி நின்னாரு.

"என்ன ரெத்தினம், நான் என்ன கடன்காரனா? இப்படி வெடவெடக்குறே!"

ரெத்தினம் அன்னிக்குத்தான் முதமுதலா ஒருத்தர்கிட்ட வாயைத் தொறந்து எல்லாத்தையும் சொன்னாரு. கபீர் பாய் குறுக்க பேசலை. கேட்டு முடிச்சுட்டு, "எனக்கும் இருந்துச்சப்பா. யுத்தத்தப்ப பர்மாவுலேருந்து நடந்து வந்தவன் நான். வழியில பாத்ததெல்லாம் கண்ணை மூடுனா வரும். மூச்சை எண்ணி எண்ணித்தான் தூங்கப் பழகுனேன்"னாரு.

"எப்படிப் பாய் எண்றது?"

"மெதுவா இழு. இழுத்ததை விட மெதுவா விடு. விடுறப்ப ஒரு பேரைச் சொல்லிக்க. நான் அல்லாஹ்வைச் சொல்றேன். நீ உனக்குப் புடிச்ச சாமியைச் சொல்லிக்க."

"சாமிகிட்டப் பேச்சு வார்த்தை நின்னு நாளாச்சு பாய்."

"சரிதான் போ, கட்சிக்காரனா நீ! அப்ப உனக்குத் தெரிஞ்சதை எண்ணு."

அவருக்குத் தெரிஞ்சது என்ன? ஷட்டரு. அதனால திருகை எண்ணுனாரு. ஒரு மூச்சு ஒரு திருகு. நெஞ்சுக்குள்ள ஒரு ஷட்டர் எறங்கிக் கெடக்கு, அதை இருபத்திரெண்டு திருகுல தூக்கணும். காலையில ஷட்டர் மேடையில கண்ணை மூடி உக்காருவாரு. முதல்ல அஞ்சாவது திருகுலயே தண்ணி மூக்குல ஏறுற மாதிரி இருக்கும், பதறி எழுந்துடுவாரு. மறுநாள் ஏழு. ஒரு வாரம் கழிச்சு மறுபடி நாலு. இருபத்திரெண்டைத் தொட ஆறு மாசம் ஆச்சு. பயம் போயிடுச்சான்னு கேட்டா, இல்லை. ஆனா பயம் வந்து உக்காந்தா, அது பக்கத்துல நாமளும் உக்காந்துக்கலாம்னு கத்துக்கிட்டாரு.

அந்த ஐப்பசியில பாய் வரலை. கார்த்திகையிலயும் வரலை. மௌத்தாயி நாப்பது நாளாச்சுன்னு தபால்காரர் போற போக்குல சொல்லிட்டுப் போனாரு. ரெத்தினம் புங்கமரத்தடியில போயி, அவரு துண்டு விரிக்கிற எடத்துல உக்காந்து, குலுங்கிக் குலுங்கி அழுதாரு. இருந்த ஒரு ஆளும் போயாச்சு.

மறுபடியும் தை வந்துச்சு. மறுபடியும் பண்ணை வயல் அறுப்புக்கு நின்னுச்சு. காலனி வயல் பால் புடிச்சுது. பதினாறாந் தேதி, காலை ஒம்போது மணி இருக்கும். நீளக் கரை. தூரத்துலயே தெரிஞ்சுது, துரைராசு வெள்ளை வேட்டியும் பின்னால நாலு சைக்கிளும். ரெத்தினத்துக்கு ஓடிடலாமான்னு இருந்துச்சு. ஓடுனா கொட்டகையில கைப்பிடி கெடக்கும், அவனுங்களே எடுத்து மூடிடுவானுங்க. கைப்பிடியை எடுத்து மடியில வச்சுக்கிட்டு மேடையில உக்காந்தாரு. கண்ணை மூடுனாரு. ஒண்ணு. ரெண்டு. நெஞ்சு தடதடன்னுதான் அடிச்சுது. பதினொண்ணு. மணிச்சத்தம் கேக்குது. பதினேழு. பொடனியில அந்தக் கை படுற மாதிரி இருக்கு. படட்டும்னு விட்டாரு. இருபத்தொண்ணு. இருபத்திரெண்டு.

கண்ணைத் தொறந்தாரு. எழுந்தாரு. ரெகுலேட்டருக்கு மேற்கால, ரெண்டாள் ஆழத்துல ஒரு மடு உண்டு. கைப்பிடியைத் தலைக்கு மேல தூக்கி, அதுக்குள்ள விட்டெறிஞ்சாரு.

"டேய்! என்னடா பண்ணுனே? எறங்கி எடுடா!"ன்னு ஓடி வந்தான் துரைராசு.

"எனக்குத் தண்ணின்னா பயங்க. நீங்க செஞ்ச வேலைதான். நீங்களே எறங்கி எடுத்துக்குங்க"ன்னாரு. குரல் நடுங்குச்சு. ஆனா சொல்லிட்டாரு.

அந்த மடுவுல சுழி உண்டுன்னு ஊருக்கே தெரியும். அஞ்சு பேருல ஒருத்தனும் எறங்கலை. அடிச்சானுங்க. கீழ் உதடு கிழிஞ்சுது, ஒரு பல்லு போச்சு. ஷட்டர் தொறந்தபடியே இருந்துச்சு. வாய்க்கால்ல தண்ணி போச்சு.

அரசாங்கச் சாமானைத் தொலைச்சதுக்கு விளக்கம் கேட்டு ஆபீசுலேருந்து மெமோ வந்துச்சு. "கைப்பிடியைத் தொலைச்சுட்டாராம்ல! சோம்பேறி லஸ்கரால நமக்கு ஒரு நல்லது"ன்னு காலனியில சிரிச்சாங்க. ராசம்மாளும் அப்படித்தான் நெனச்சா. போயி நடந்ததைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? எந்த மொகத்தோட சொல்றது? அந்தப் பதரு இன்னும் அவரு கண்ணுக்குள்ள கெடந்துச்சு.

மேட்டூர் அணையை மூடிட்டாங்க. ஆறு வத்துச்சு, மடுவுல மட்டும் தண்ணி நின்னுச்சு. கைப்பிடியை எடுத்துடணும்னு தெனமும் படியில எறங்குவாரு. இடுப்பளவு வந்ததும் மூச்சு முட்டும், ஏறிடுவாரு. மேடையில உக்காந்து எண்றது வேற, தண்ணிக்குள்ள வேற.

மாசி பொறந்து ஒரு வாரம். யாரும் எதிர்பாக்காத மழை. ரெண்டு நாள் அடிச்சு ஊத்துச்சு. மேற்கேயிருந்து வடிகாலெல்லாம் ஆத்துல விழுந்து, மஞ்சத் தண்ணி நொரையோட ஏறுச்சு. தொறந்து கெடந்த தலைப்பு வழியா வாய்க்கால்ல பாஞ்சுது. கடைசி வயல் என்ன ஆகும்? கதிரெல்லாம் பழுத்துத் தலை சாஞ்சு நிக்குது. ராசம்மாள் நனைஞ்சுக்கிட்டே கரையோட ஓடி வந்தா.

"எதையாவது வச்சு மூடுய்யா! வரப்பு ஒடையப் போவுது. கதிரு தண்ணியில சாஞ்சா அத்தனையும் மொளைச்சுப் போயிடும். மூடுய்யா!"

ஒரு வருஷத்துல அவ அவருகிட்டப் பேசுன மொதப் பேச்சு.

ரெத்தினம் மடுவைப் பாத்தாரு. படியில உக்காந்தாரு. "இந்த நேரத்துல உக்காந்து கண்ணை மூடுறியே, பாவி!"ன்னு அவ தலையில அடிச்சுக்கிட்டா. அவரு காதுல விழுந்துச்சு. ஆனாலும் எண்ணுனாரு. இருபத்திரெண்டு வரைக்கும் எண்ண நேரமில்லை. பத்துல நிறுத்தி, நெஞ்சு நெறைய இழுத்துக்கிட்டு, தலைகுப்புறப் பாஞ்சாரு.

உள்ள ஒண்ணும் தெரியலை. கண்ணுக்கு முன்னால ஒரே மஞ்ச இருட்டு. பொடனியில அந்தக் கை வந்து உக்காந்துச்சு. உக்காந்துக்கன்னு விட்டுட்டு, சேத்துக்குள்ள கையை விட்டுத் துழாவுனாரு. மரக்கட்டை. கல்லு. மூச்சு முட்டுச்சு. மேல போயிடுன்னு ஒடம்பு கெஞ்சுச்சு. அப்ப வெரல்ல இரும்பு தட்டுச்சு.

கரையேறி மேடைக்குப் போனவருக்குக் கைப்பிடியை மாட்டத்தான் முடிஞ்சுது. திருகத் தெம்பில்லை. ராசம்மாள் வந்து அவரு கை மேலயே கையை வச்சு அமுத்துனா. ரெண்டு பேருமாத் திருகுனாங்க. அவரு வாய்விட்டு எண்ணுனாரு. இருபத்திரெண்டாவது திருகுல ஷட்டர் தரையில உக்காந்துச்சு. வாய்க்கால்ல சத்தம் நின்னுச்சு.

அவ மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டா: "தொலைஞ்சதுன்னாங்க. இது மடுவுக்குள்ள கெடக்குறது உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் போட்டேன்."

"எப்ப?"

"தை பதினாறு."

ராசம்மாளுக்கு அந்தத் தேதியை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அன்னிக்கு வயல் எந்தப் பருவத்துல நின்னுச்சு, அன்னிக்குத் தலைப்பை மூடியிருந்தா முறத்துல என்ன இருந்திருக்கும்னு அவளுக்குத் தெரியும். அவரு கிழிஞ்ச உதட்டைப் பாத்தா. பல்லு போன எடத்தைப் பாத்தா. மழை இன்னும் பேஞ்சுக்கிட்டிருந்துச்சு.

அப்புறம் முந்தானையைப் புழிஞ்சுக்கிட்டே, "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டா.

அம்சவல்லி போனதுலேருந்து, பன்னெண்டு வருஷமா அந்தக் கேள்வியை அவருகிட்ட யாரும் கேட்டதில்லை. ரெத்தினம் மெதுவா மூச்சை இழுத்துப் பாத்தாரு, எண்ணிப் பாத்தாரு, ஒண்ணும் நிக்கலை, அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு.

"இல்லைம்மா"ன்னாரு.