ஏற்றத்தில் நின்ற கரி பஸ்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் கரி பஸ்ஸை நட்ட நடு ஏற்றத்தில் நிறுத்திய பெருமை என் மகளுக்கு உண்டு. அப்போது அவளுக்கு மூன்றாம் வயது நடந்துகொண்டிருந்தது. தாசில்தாரே குறுக்கே நின்று கை காட்டினாலும் அந்த ஏற்றத்தில் மட்டும் நிறுத்த மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த டிரைவர், இவளுக்காக நிறுத்தினார்.

உலகச் சண்டை நடந்த காலம் அது. பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்ஸின் முதுகில் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு மூட்டி, அதிலிருந்து வரும் வாயுவில்தான் வண்டி ஓடியது. புறப்பட முக்கால் மணி இருக்கும்போதே மீசை நரைத்த கிளீனர் பின்னால் நின்று கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றுவார். சமதரையில் எப்படியோ ஓடிவிடும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும், பெண்கள் இறங்கி நடக்க வேண்டும். ஒரேயடியாக நின்றுவிட்டால் சாம்பலைக் கிளறி மறுபடி மூட்ட ஒரு மணி நேரம் ஆகும்.

எங்கள் வீட்டுக்காரர் பெரம்பலூரில் பள்ளிக்கூட வாத்தியார். கோடை லீவு விட்டதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அரியலூரில் அவருடைய அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். அந்த வருஷம் போனது வெறும் லீவுக்கு அல்ல. மறுநாள் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் மகளுக்குக் காது குத்து. எங்கள் பக்கத்தில் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். மூன்று முடிய இருபது நாள்தான் இருந்தது, விட்டால் ஐந்துக்குத் தள்ளிப்போகும். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியது தாய்மாமன். என் கூடப்பிறந்த அண்ணன் அதே பஸ் ரோட்டில், பாதி வழியில் ஓர் ஊரில், குத்துக்கல்லாட்டம் இருந்தான். ஆனால் மடி அவனுடையது இல்லை என்று முடிவாகிவிட்டது. அரியலூரில் இருந்த என் பெரியப்பா மகனை நாத்தனார் பேசி வைத்திருந்தார். இரவல் மடி. எனக்கு அது பொறுக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு தபால் கார்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் ரோட்டோரமாக ஓட்டு வீடு கட்டிப் புது வீடு புகுந்தான். வீட்டு மாப்பிள்ளையை நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் முறை. அறுப்பு நேரம், நகர முடியவில்லை என்று கார்டு போட்டுவிட்டான். இவர் போகவில்லை, என்னையும் விடவில்லை. மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று யாரோ சந்தையில் கேட்டதற்கு, வாத்தியாராச்சே, படிக்கத் தெரியுமே என்றுதான் கார்டு போட்டேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அந்தப் பேச்சு பெரம்பலூர் வந்து சேர்ந்தபோது அதற்குக் கை கால் முளைத்திருந்தது. இவருக்கு ரோஷம் எப்போதும் மூக்கு நுனியில். உன் அண்ணன் வீட்டுத் தண்ணீர் இனி என் தொண்டையில் இறங்காது என்றார். அவனும் சளைத்தவனா? அழைக்காத வாசலை நான் ஏன் மிதிக்க வேண்டும் என்று இருந்துவிட்டான். எங்கள் பக்கத்தில் கை நனைக்காத வீடு என்றால் உறவு அறுந்த வீடு. இரண்டு பேர் வீறாப்புக்கும் நடுவில் அகப்பட்டவள் நான்.

மகளின் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முந்தின வருஷம் அவளுக்குக் காய்ச்சல் கண்டு பதினைந்து நாள் படுத்திருந்தாள். கசாயம் என்றால் பல்லைக் கடித்துக்கொள்வாள். இவர்தான் ஒரு வாய் தாம் குடித்து, தித்திப்பு என்று நாக்கைச் சப்புக்கொட்டி, ஏமாற்றிக் குடிக்க வைத்தார். காய்ச்சல் போனது, பழக்கம் போகவில்லை. பாலோ கஞ்சியோ தண்ணீரோ, கண்ணெதிரே அப்பா இருந்தால் அவர் முதலில் ஒரு வாய் குடிக்க வேண்டும். வெறுமனே வாயில் வைத்து எடுத்தால் செல்லாது. அவர் தொண்டையில் விரலை வைத்து, அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் இவள் குடிப்பாள். பள்ளிக்கூடமே அவருக்குப் பயப்படும், அவர் இவளுக்குப் பயப்படுவார்.

அண்ணன் ஊருக்கு முன்னால் ஓர் ஓடைப் பாலம். பாலம் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும், அது முடிகிற இடத்தில் அண்ணன் வீடு. பத்துத் தடவை போனால் எட்டுத் தடவை பஸ் அங்கே நின்றுவிடும். நான் நம்பியிருந்தது அதைத்தான். காலை பஸ்ஸில் கூட்டம் குறைவு, லேசாக ஏறிவிடும். அதனால் துணி காயவில்லை, சோறு கட்டவில்லை என்று சாக்குச் சொல்லிப் பதினோரு மணி பஸ் வரைக்கும் இழுத்தடித்தேன். நினைத்தபடியே பஸ் ஆட்களால் பிதுங்கியது. அங்கே நின்றால் போதும், மற்றதைப் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று ஏறி உட்கார்ந்தேன். கிளம்பும் முன் குழந்தைக்கு நாலு நுங்கு வாங்கிக் கொடுத்தேன். அது வெயிலுக்காக வாங்கியது, சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

அன்றைக்கென்று அந்தப் பஸ்ஸுக்கு எங்கிருந்தோ உயிர் வந்துவிட்டது. நல்ல கரி கிடைத்ததாம். பாலத்தைத் தாண்டி, முக்கி முனகி, நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. தள்ளாமலே ஏறுது பாருங்க என்று டிரைவர் திரும்பிப் பெருமை பேசினார். ஆட்களெல்லாம் பூரித்துப் போனார்கள். அண்ணன் வீட்டு ஓடு தெரிந்தது. இதோ தாண்டப்போகிறோம், நாளைக்கு இரவல் மடிதான் என்று தோன்றியபோது எனக்கு மட்டும் அழுகை முட்டியது. இவர் வேண்டுமென்றே மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மகள் சீட்டின் மேல் எழுந்து நின்று, "ஒண்ணுக்கு வருது" என்றாள்.

டிரைவர் முடியாது என்றார். மேடு ஏறட்டும், நடுவில் நிறுத்தினால் வாயு அடங்கிவிடும் என்றார். அதுவரை பொறுக்கிற வயதா அது? முன்சீட்டில் ஒரு மிராசுதார் சலவை வேட்டியும் ஜரிகைத் துண்டுமாகக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். குழந்தை நின்ற உயரத்துக்கு அவர் தோள் நேர் கீழே இருந்தது. அவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், நிலைமை புரிந்துவிட்டது. யோவ் நிறுத்துய்யா என்று அவர் போட்ட அதட்டலில் டிரைவரின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கிவிட்டது. அண்ணன் வீட்டு வாசல் முப்பது தப்படிக்கு மேல் இருக்காது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, எனக்கு அது ஒண்ணுக்கு வந்ததில் வந்தது.

குழந்தையை ரோட்டோரம் உட்கார வைத்துக் கால் கழுவிவிட்டேன். கூஜாவில் இருந்த தண்ணீர் அத்தனையையும் ஊற்றிக் கழுவினேன். அவ்வளவு தேவையில்லைதான். ஏன் எல்லாவற்றையும் கொட்டினாய் என்று இவர் கேட்டதற்குக் கை தவறிவிட்டது என்றேன்.

அக்னி நட்சத்திர வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லோரும் புளியமரத்து நிழலில் ஒதுங்கினோம். இவர் அண்ணன் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பஸ் நின்றால் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது அந்த ஊர் வழக்கம். அண்ணி குடமும் செம்புமாக வந்தாள். பின்னாலேயே அண்ணன் வந்தான். எங்களைப் பார்த்ததும் துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். குழந்தையைக் கைக்குழந்தையாகப் பார்த்தது, அதன்பிறகு பார்க்கவில்லை. அவன் கண் அவளை விட்டு அகலவில்லை, கால் மட்டும் முன்னால் வரவில்லை.

அண்ணி என் கையில் செம்பைக் கொடுத்தாள். நான் மடக்கு மடக்கென்று குடித்தேன், எனக்கு என்ன சபதம்? மறுபடி நிரப்பி மகளிடம் நீட்டினேன். நுங்கு போன இடம் தெரியவில்லை, அவள் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. அப்படியும் குடிக்கவில்லை. செம்பை இரண்டு கையாலும் வாங்கி, சிந்தச் சிந்த நடந்து போய் இவர் முன்னால் நின்றாள்.

"அப்பா மொதல்ல."

எனக்குத் தாகமில்லை, நீ குடி என்றார். தலையை ஆட்டினாள். செம்பை உயர்த்திக் குடிப்பதுபோல் காட்டிவிட்டு இறக்கினார். இவளிடமா நடக்கும்? அவர் மடியில் ஏறி, தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு, வெளுத்த உதட்டை இறுக மூடிக்கொண்டு பார்த்தாள். மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. தெரிந்தது எங்கள் நாலு பேருக்குத்தான். இவர் அந்த உதட்டைப் பார்த்தார். பிறகு செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். இறங்காது என்றிருந்த தண்ணீர் இறங்கிய இடத்தில் என் மகளின் விரல் இருந்தது. ஒரு வாய் போதும் என்று அவள் இறக்கச் சொல்கிற வரைக்கும் குடித்தார் மனிதர். அத்தனை தாகம்.

மகள் மீதியைக் குடித்து முடித்தாள். அண்ணன்தான் மெல்லக் கேட்டான்.

"தண்ணி உப்பு அடிக்குதுங்களா மாப்ள?"

"இல்லீங்க மச்சான், நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் சட்டென்று திரும்பி வீட்டுக்குள் போய்விட்டான். எனக்குத் திக்கென்றது. கொஞ்ச நேரத்தில் முகம் கழுவி, சட்டை போட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புப் பழமும் வைத்து, அண்ணியைப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு வந்தான். பஸ் ஆட்கள் எல்லோர் முன்னாலும் தட்டை நீட்டினான்.

"கார்டு போட்டது தப்புங்க. நேர்ல வந்து கூப்புடுறேன், வூட்டுக்கு வாங்க."

இவர் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பழத்தை மகளிடம் கொடுத்தார். அவசரத்துக்கு எங்களிடம் வெற்றிலை ஏது? அதே தட்டைத் திருப்பி அண்ணனிடம் நீட்டி, நாளைக்குக் குழந்தைக்குக் காது குத்து, மடி உங்களுடையது, வந்துதான் ஆக வேண்டும் என்றார். வாத்தியார் குரல் அன்றுதான் தடுமாறிக் கேட்டேன். மிராசுதார் தம் வெள்ளி வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பஸ் ஒரு மணி நேரம் கழித்து எங்களை விட்டுவிட்டுப் போனது. நாத்தனாருக்கு டிரைவரிடம் சேதி சொல்லிவிட்டோம். இவர் அந்த வீட்டில் மூன்று தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் அண்ணி பெட்டியைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். பொட்டு அளவுக்கு இரண்டு தங்கத் தோடு, கூடவே ஒரு பட்டுப்பாவாடை. குழந்தை பிறந்த வருஷமே செய்து வைத்ததாம். எப்படியும் என்னைக் கூப்பிடுவார்கள் என்று அண்ணன் ஒவ்வொரு கோடையிலும் எடுத்துத் துடைத்து வைப்பானாம். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் அங்கே அழுதுவிட்டேன்.

விடியற்காலையில் அண்ணன் வண்டி பூட்டினான். கல்லங்குறிச்சியில் நாத்தனார் குடும்பமும், பேசி வைத்த பெரியப்பா மகனும் காத்திருந்தார்கள். தன் மடிக்கு வேலையில்லை என்றதும் அவர் நிம்மதியாக வெல்லம் போட்ட காப்பரிசியை மெல்லப் போய்விட்டார். அண்ணன் மகளை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தார். அதைப் பார்த்ததும் இவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அப்பா மொதல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா குத்தியிருக்கேன் பாரு என்று அண்ணன் தன் கடுக்கனைக் காட்டினான். தொட்டுப் பார்த்தாள், சரி என்றாள். அப்புறம் அப்பா காதை இழுத்துப் பார்த்தாள். இவருக்கும் சின்ன வயதில் குத்தியதுதான். வாத்தியார் வேலைக்குப் படிக்கப் போனபோது கழற்றிவிட்டார், துளை தூர்ந்துபோயிருந்தது. விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். நல்ல நேரம் போகுது, அமுக்கிப் பிடித்துக் குத்துங்கள் என்றார் நாத்தனார். இவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அண்ணன் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், தலையக் கொஞ்சம் புடிச்சுக்குங்க."

அண்ணனின் ஒரு கை மடியிலிருந்த குழந்தையை அணைத்திருந்தது. மற்றக் கையால் அண்ணன் இவர் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். ஆசாரி குத்தினார். இவர் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்தது. மகள் முகத்தையே பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டி, "தித்திப்பு" என்றார். இவள் கையை எடுத்துவிட்டுக் காதைக் காட்டினாள். குத்தினபோது கோயிலே அதிர அலறினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மாமன் மடியை விட்டு இறங்கவில்லை. அந்தச் சின்னத் தோடு இரண்டும் அந்தக் காதுகளில்தான் ஏறின.

பள்ளிக்கூடம் திறந்தபோது இவருடைய ஒற்றைக் காதில், துளை தூராமல் இருக்கச் செருகிய வேப்பங்குச்சி இருந்தது. எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் சிரிக்கும் என்றேன். கேட்கவில்லை. வகுப்பில் ஒரு துடுக்குப் பயல் எழுந்து, சார், யார் மடியில் உட்கார்ந்து குத்திக்கிட்டீங்க என்று கேட்டானாம். யார் மேலும் பிரம்பை ஓங்காமல் இவர் சொன்ன பதிலைச் சாயங்காலம் வந்து என்னிடம் அவரே சொன்னார், சொல்லும்போது காதைத் தடவிக்கொண்டார்.

"என் மச்சான் மடியிலடா."