நீலக் கேட்

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால, பொதுக் கெணத்துக்கு எதுத்தாப்ல, நீலக் கேட். சரியாச் சொல்லுதேனாட்டி?"

ஆவுடைத்தாய் செல்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. மடியில் கிடந்த பிச்சி மொட்டுகள் தரையில் உருண்டன. ஏழு வருஷமாகக் கேட்காத குரல். புருஷன் நயினார் இப்போதும் கத்தவில்லை. அவன் கத்தாமல் பேசும்போதுதான் பயப்பட வேண்டும். அவளுடைய இடது கையை முறித்த அன்றும் இப்படித்தான் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"கம்ப்யூட்டர்ல நீ கட்டுன பூ ஜடையைப் பாத்தேன். மொட்டுல கிளி வச்சுக் கட்டுத கை எதுன்னு எனக்குத் தெரியாதா? அக்கா மவன்தான் எதையோ தட்டி அட்ரஸையும் எடுத்துக் குடுத்தான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டேன். டீ குடிச்சுட்டு வாரேன். பிள்ளையக் கெளப்பி வை."

லைன் அறுந்தது.

தென்காசியை விட்டு மூன்று வயதுக் குழந்தையோடு பஸ் ஏறியவள் திருவனந்தபுரத்தில் இறங்கியபோது பிரேமாவாகியிருந்தாள். கல்யாணப் பெண்களுக்கு ஜடை பின்னுவது தொழில். தெருவுக்கு அவள் பிரேமா சேச்சி. அயல்கூட்டம் என்கிற மகளிர் குழுப் பெண்களுக்கும் பிரேமா. மகள் சுஜாவுக்குக்கூட அம்மாவின் பெயர் அதுதான். இந்த ஊரில் அவளுடைய உண்மைப் பெயர் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். பழவங்காடியில் மாடி அறையில் உட்கார்ந்து, அவளுடைய ஜடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்த மார்த்தாண்டத்துப் பையன் சற்குணம்.

அவன்தான் விற்றுவிட்டானா?

அவள் பின்வாசல் வழியாக இறங்கினாள். அடுப்பை அணைத்தோமா என்பது சந்தின் முனையில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் "வயத்து வலி" என்று மட்டும் சொன்னாள். யாருக்கு என்று டீச்சர் கேட்பதற்குள் சுஜாவின் கை அவள் கைக்குள் வந்துவிட்டது. பழவங்காடிப் பிள்ளையார் கோவில் முன்னால் தேங்காய் உடைபடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தோள் குலுங்கியது. எதிரே வந்த ஆண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி மாடிப்படி ஏறினாள்.

"எவ்வளவுல வாங்குன?"

சற்குணம் கையிலிருந்த வாழைக்காய் அப்பத்தைக் கீழே வைத்தான். "என்னக்கா?"

"எம் பேரையும் வீட்டையும் அந்தப் பாவிட்ட வித்தியே, எவ்வளவு குடுத்தான்?"

விஷயத்தை அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அவளுடைய வெப்சைட்டின் பெயரை ஒரு பக்கத்தில் அடித்தான். எழுத்துகள் வரி வரியாக வந்து நின்றன. ஆவுடைத்தாய்க்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சுஜாதான் எழுத்துக் கூட்டினாள்.

"அம்மா, நம்ம அட்ரஸ்! ஹாஸ்பிடலுக்குப் பின்னால, ப்ளூ கேட்… நம்ம போன் நம்பர். ஆனா பேரு வேற யாரோ. ஆ… வு… டை… யாரும்மா இது?"

ஆவுடைத்தாய் சற்குணத்தின் பக்கம் திரும்பினாள்.

"இதை யாரு யாரு பாக்கலாம் தம்பி?"

"யாரு வேணும்னாலும்." சற்குணம் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "வெப்சைட் பேரைப் பதிஞ்சா, பதிஞ்சவங்க விவரத்தை இப்படி வெளிய வப்பாங்க. மறைக்கணுமான்னும் கேட்டான். கூடக் கொஞ்சம் காசு. கம்பெனிக்காரன் புடுங்கப் பாக்கான்னு நெனச்சு வேண்டாம்னுட்டேன்."

"நீலக் கேட்டுன்னு எதுக்குல போட்ட?"

"வண்டிக்கு ஆர்.சி. புக் தபால்ல வருமே, அது மாதிரி இதுக்கும் ஒரு சர்ட்டிபிகேட்டு வீட்டுக்கு வரும்னு நெனச்சேன்க்கா. ரேஷன் கார்டு பேர்ல இல்லேன்னா போஸ்ட்மேன் குடுக்க மாட்டார்லா. இங்க கார்ப்பரேஷன் போட்ட டி.சி. வீட்டு நம்பரை வச்சு எவன் வீட்டைக் கண்டுபிடிச்சான்? அதான் அடையாளமும் போட்டேன்." அவன் நிமிரவில்லை. "ஒண்ணும் வரல்ல. வெறும் ஈமெயில்தான் வந்துது."

அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டது.

அவன் அவசர அவசரமாக எதையெதையோ அழுத்தினான். கொஞ்ச நேரத்தில் அவளுடைய பெயர் இருந்த இடத்தில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரும் விலாசமும் வந்தன. "மறைச்சாச்சுக்கா."

"பாத்தவன் பாத்துட்டான்லா."

போன் அடித்தது. சுஜா பதறி எழுந்தாள். நயினார் இல்லை. தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் ஓட்டும் பிரஜின்.

"சேச்சீ, இங்க ஒராளு நீலக் கேட்டு வீட்டைக் கேட்டுட்டு நிக்குது. ஏதோ ஆவுடைத்தாயாம். அப்படி ஒருத்தி இங்க இல்லன்னு எல்லாரும் சொல்லியாச்சு. ஆனா நம்ம சேச்சியோட கேட்டும் நீலமல்லே, அதான் விளிச்சேன். ஆளோட நோட்டம் அவ்வளவு சரியில்ல."

தெரியாது என்று சொல்லிவிடலாம். தம்பானூருக்குப் போகாமல் வேறெங்காவது பஸ் ஏறலாம். இன்னொரு ஊர், இன்னொரு பெயர். சுஜாவைப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்புப் புத்தகப் பையை மார்போடு கட்டிக்கொண்டு, திரையில் இப்போது இல்லாத பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள் பிள்ளை.

"பிரஜினே, ஆவுடைத்தாய் நான்தான். அவன் எம் புருசன். எம் பிள்ளையத் தூக்க வந்திருக்கான்."

பிரஜின் குரலைத் தாழ்த்தினான்.

"இத்தன காலம் எங்கள வேற பேரு விளிக்க வச்சதுக்கு அப்புறமா கணக்கு தீர்க்காம். இப்ப என்ன வேணும்? ஆளை ஆட்டோல ஏத்திக்கட்டா? நீலக் கேட்டுக்கா பஞ்சம்? ஊர்க்கோடி கழக்கூட்டம் வரைக்கும் ஒவ்வொண்ணா காட்டிட்டே போலாம்."

"கொஞ்ச நேரம் சுத்து. பெறவு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டா. நான் அங்க இருப்பேன்."

சற்குணம் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு கூடவே இறங்கினான். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் மேசைக்குப் பின்னாலிருந்த பெண் போலீஸ் எல்லாவற்றையும் கேட்டாள். வளைந்து சேர்ந்திருந்த இடது முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பேப்பரை எடுத்தாள்.

"பேரு?"

"ஆவுடைத்தாய்."

சுஜா தலையை உயர்த்தி அம்மாவைப் பார்த்தாள். ஆவுடைத்தாய் அவள் தோளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அட்ரஸ்?"

வாயைத் திறந்தவள் நிறுத்தினாள். "மேடம், இதை யாரு யாரு பாப்பாங்க?"

பெண் போலீஸின் பேனா நின்றது. "நானு, எஸ்.ஐ. சார், பின்னே கோர்ட். அவனுக்குப் போற காப்பியில ஸ்டேஷன் அட்ரஸ் மட்டும் போதும்னு சாரிட்ட சொல்றேன்."

"அப்ப எழுதுங்க."

சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால். கிணற்றுக்கு எதிரே.

"அடையாளம் ஏதாவது?"

வெளியே ஓர் ஆட்டோ வளைந்து உள்ளே வருகிற சத்தம் கேட்டது. "இவிடயா நீலக் கேட்டு?" என்று பிரஜின் உரக்கக் கேட்பதும், "எங்கல கூட்டியாந்திருக்க?" என்று அந்தக் குரல், முதல் தடவையாகக் கத்துவதும் கேட்டது.

ஆவுடைத்தாய் வாசல் பக்கம் திரும்பவில்லை.

"அடையாளம் போடாதீங்க மேடம்," என்றாள். "கேட்டுக்கு நாளைக்கே வேற பெயிண்ட் அடிச்சிருவேன்."