அறுபத்தைந்து வயதில் அக்கிக்கு ஓர் ஊசி

போன வருடப் பிறந்தநாளுக்கு எனக்கு முதலில் வாழ்த்துச் சொன்னது என் மகள் இல்லை. எங்கள் பகுதி மருத்துவ நிலையம்தான் முந்திக்கொண்டது. காலையில் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்களுக்கு அறுபத்தைந்து வயதாகிவிட்டது, ஷிங்கிள்ஸ் தடுப்பூசி உங்களுக்கு இலவசம், அடுத்த பிறந்தநாளுக்குள் வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்று இருந்தது. அந்தப் பிறந்தநாளே பொய். தேனிப் பக்கம் எங்கள் ஊரான தேவாரத்தில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமையாசிரியர் தன் வசதிக்குப் போட்ட ஜூன் ஒன்று அது. அவர் போட்ட தேதியை நம்பி, நியூசிலாந்து அரசாங்கம் எனக்கு ஊசி போடக் காத்துக்கொண்டிருக்கிறது. ஊரில் எனக்கு வயதாகிவிட்டது என்பதைச் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். இங்கே அதை ஓர் இயந்திரம் மிகவும் மரியாதையாகச் சொல்கிறது. எனக்கென்னவோ சொந்தக்காரர்களே பரவாயில்லை என்று தோன்றியது.

நான் இருக்கும் ஊர் ஹேஸ்டிங்ஸ். இதுவும் திராட்சை ஊர்தான். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்து பழகியவளுக்கு, இங்கே வேலி மாதிரி வரிசையாக நிற்கும் கொடிகளைப் பார்த்தால் திராட்சை என்றே மனசு ஒப்புவதில்லை. கணவர் இங்கே ஒரு பழக் கிடங்கில் வேலை பார்த்தார். அவர் போய்விட்டார். மகள் ஆக்லாந்தில் இருக்கிறாள். வீட்டில் நானும் ஒரு ஹீட்டரும்தான். ஷிங்கிள்ஸ் என்றால் என்னவென்று மகளிடம் கேட்டேன். அவள் தேடிப் பார்த்து, "அக்கிம்மா" என்றாள். அந்த ஒரு சொல் போதும். எங்கள் தெருவில் அக்கி வந்து படுத்த ஒரு பெரியவர், சட்டை உரசினாலே அலறியது காதில் கேட்டது. அக்கி உடம்பைச் சுற்றி வந்து இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்காது என்று அப்போது பேசிக்கொள்வார்கள். அது உண்மையில்லை என்று இப்போது தெரியும். தெரிந்து என்ன செய்ய? பயம் அதற்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

மருத்துவ நிலையத்தில் ஜேனட் என்ற நர்ஸ் இருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். சரஸ்வதி என்ற பெயர் வாயில் நுழையாமல் என்னை சாரா என்று கூப்பிடுவார். சின்ன வயதில் சிக்கன் பாக்ஸ் வந்திருக்கிறதா என்று கேட்டார். நான் யோசிக்காமல், எங்கள் ஊரில் சொல்வது போலவே, அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள், என் மேலும் என் அண்ணன் மேலும் இறங்கினாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். ஜேனட் முகம் மாறிவிட்டது. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, என் கையைப் பிடித்து, அந்தக் காலத்தில் வீட்டில் அடிப்பார்களா என்று கேட்டார். இல்லை, அது கொப்புள நோய், எங்கள் ஊரில் அதன் பெயரைச் சொல்ல மாட்டோம் என்று புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அந்தக் கோடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணனுக்கு முதலில் வந்தது. இரண்டு நாள் கழித்து எனக்கு. எங்கள் அம்மா இருவரையும் ஒரே பாயில், வேப்பிலைக்கு நடுவில் படுக்கவைத்தாள். வாசலில் வேப்பங்கொத்து. அடுப்பில் தாளிப்பது நின்றுபோனது. வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது. மருந்து என்ற பேச்சே கிடையாது. "ஆத்தா வெளையாண்டுட்டுப் போகட்டும், கையக் கால ஆட்டாமக் கெடங்க" என்பாள் அம்மா. அரிப்பு தாங்காமல் நான் அழும்போது அண்ணன் வேப்பிலையால் என் முதுகைத் தடவிவிடுவார். அவருக்கும்தான் அரித்திருக்கும். முத்து இறங்கியதும், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை எங்கள் தலைக்கு ஊற்றினார்கள். விட்டுவிட்டு மூன்று தண்ணீர். மூன்றாவது தண்ணீர் ஊற்றியதும் அம்மா வாசல் வரை போய், தெருவைப் பார்த்துக் கும்பிட்டு, போய் வா தாயே என்றாள். அந்தச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய், முல்லையாற்றில் முக்கியெடுத்து, அம்மன் சன்னிதியில் நிறுத்தினாள். கணக்குத் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஜேனட் ஒரு தாளில் முதுகெலும்பை வரைந்து காட்டினார். அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதே இல்லை. நரம்பு புறப்படும் இடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வயதாகி உடம்பு தளரும்போது சிலருக்கு அது விழித்துக்கொள்ளும். அதுதான் அக்கி. நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் வரை போய்க் கும்பிட்டு அனுப்பிவைத்தோமே, போகவில்லையா? கல்யாணம், பிள்ளைப்பேறு, விமானப் பயணம், கணவரின் சாவு எல்லாவற்றுக்கும் கூடவே இருந்திருக்கிறதா? என் முதுகு எனக்கே அந்நியமாகிவிட்டது. இந்த ஊசியில் உயிருள்ள கிருமி எதுவும் கிடையாது, இது தூங்குவதை எழுப்பிவிடாது என்றார் ஜேனட். கை வலிக்கும், ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், இரண்டு மாதம் கழித்து இன்னொரு ஊசி போட வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அதில் காய்ச்சல் என்ற வார்த்தை மட்டும்தான் கேட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு இது தெரியும். ஊரில் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். கேட்டவர் அதோடு விட்டுவிடுவார், யார் மனதும் நோகாது. இங்கே யோசிக்கிறேன் என்று சொன்னால், உண்மையிலேயே நாம் உட்கார்ந்து யோசிப்பதாக நம்பிவிடுகிறார்கள். ஜேனட் மாதம் தவறாமல் கூப்பிட்டு, சாரா, யோசித்துவிட்டீர்களா என்றார். நானும் சளைக்காமல் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். உண்மையில் நான் செய்துகொண்டிருந்தது பயப்படுவது மட்டும்தான். ஊசி போட்டால் அம்மனுக்கு ஆகாது என்று ஒரு பயம். போடாவிட்டால் அக்கி வரும் என்று ஒரு பயம். காய்ச்சலில் கிடந்தால் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லையே என்பது எல்லாவற்றுக்கும் மேலான பயம். குளிக்கும்போதெல்லாம் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு பூச்சிக்கடியைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன்.

இப்படியே ஏப்ரல் முடிந்துவிட்டது. இங்கே இலையுதிர் காலம், ஊரில் கத்திரி வெயில் தொடங்குகிற நேரம். இன்னும் சில வாரம்தான் இருக்கிறது, பிறகு இலவசம் இல்லை என்று ஜேனட் கூப்பிட்டார். வேண்டாம் என்று போனில் சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற பெண்ணிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று மத்தியானம் கிளம்பினேன். காத்திருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. மதினி ஒரு படம் அனுப்பியிருந்தார். தேவாரத்தில் அண்ணனும் மதினியும் மட்டும்தான் இருக்கிறார்கள், இலவம்பஞ்சுத் தோப்பைப் பார்த்துக்கொண்டு. படத்தில் அண்ணன் முகம். வலது நெற்றி முழுக்கக் காவி பூசியிருந்தது. கண் வீங்கி மூடியிருந்தது. கீழே, உங்கண்ணனுக்கு அக்கி, எழுதியாச்சு, பயப்படாத என்று இருந்தது.

ஊரில் அக்கி வந்தால் மண்பானை செய்கிறவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் காவிக்கல்லை உரசி, இறகால் தொட்டுக் கொப்புளங்களின் மேல் எழுதுவார். அதைத்தான் மதினி சொன்னார். என் முறை வந்தபோது நான் வேண்டாம் என்று சொல்ல வந்ததை மறந்து, அந்தப் படத்தை ஜேனட்டிடம் நீட்டினேன். முதலில் இது என்ன ரத்தமா என்றார். மண் என்றேன். படத்தைப் பெரிதாக்கினார். அண்ணனின் மூக்கு நுனியில் ஒற்றைக் கொப்புளம் ஒன்று இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு, இங்கே வந்தால் கண்ணுக்குள்ளும் போயிருக்கலாம், இன்றைக்கே கண் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், இப்போதே கூப்பிடுங்கள் என்றார். அண்ணன் எண்ணை எடுத்து அவரிடமே நீட்டினேன். அவரே அழுத்தினார்.

ஊரில் காலை ஏழரை மணி. அண்ணனே எடுத்தார்.

"அண்ணே, இன்னைக்கே கண்ணு டாக்டர்ட்டப் போகணும்னு சொல்றாக."

"யாரு சொல்றாக?"

"இங்கன நர்சம்மா."

"அந்தம்மா அங்கன இருந்துக்கிட்டு என் கண்ணப் பாத்துச்சாக்கும்? நீ ஒருத்தி. வெக்கையில வந்தது பாப்பா, இன்னும் ஒரு தடவ எழுதுனா எறங்கிரும். இந்த நேரத்துல ஊசி கீசின்னு போனா ஆத்தாவுக்கு ஆகாது."

"அண்ணே, நம்ம ரெண்டு பேருக்கும் சின்னதுல வந்துச்சுல்ல, அதேதானாம் இது. போகவே இல்லையாம். முதுகுக்குள்ளயே இருந்திருக்காம்."

பின்னால் மதினி காபி ஆற்றும் சத்தம் கேட்டது.

"மூணு தண்ணி ஊத்தி அனுப்பிச்சோமே பாப்பா."

"போகலையாம்ணே."

"அப்ப ஒனக்குள்ளயும் இருக்குமே?"

"இருக்கு."

"அதுக்கு ஊசி இருக்குன்னு போன வருசம் சொன்னியே, போட்டுக்கிட்டயா?"

"யோசிச்சுக்கிட்டு இருக்கேண்ணே" என்றேன். "பாத்தியா, ஒனக்கே பயந்து வருது. எனக்கு மட்டும் சொல்ல வந்துட்ட" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோன ஆள் இன்னொரு பயந்த ஆளைக் கண்டுகொண்ட குரல் அது. எழுபதை நெருங்கும் அண்ணனை அப்படி ஒரு குரலில் நான் கேட்டதே இல்லை.

நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன். இப்போதே போடுங்கள் என்று ஜேனட்டிடம் சொன்னேன். அவர் நிதானமாக, இன்று காய்ச்சல் உண்டா, எதற்காவது ஒவ்வாமை உண்டா, கட்டாயத்தில் போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், 'இல்லை' என்றேன். வீடியோவைப் போட்டு, "மதினி, போனை அண்ணன் மொகத்துக்கு நேராப் பிடிங்க" என்றேன். ஜேனட்டுக்குப் புரிந்துவிட்டது. என் கைப்பேசியை மருந்துப் பெட்டி மேல் சாய்த்துவைத்து, அண்ணனைப் பார்த்துக் கையசைத்தார். அண்ணனும் திறந்திருந்த ஒரு கண்ணோடு கையெடுத்துக் கும்பிட்டார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"வலிக்குதா பாப்பா?"

"எறும்பு கடிச்சாப்ல இருக்குண்ணே. நீ கெளம்பு."

"சரி" என்றார் அண்ணன். பிறகு மதினியிடம், "வாடகைக் காருக்குச் சொல்லு. தேனிக்குப் போய்ட்டு வந்துருவோம்" என்றார்.

அன்று சாயங்காலமே எனக்குக் குளிர் எடுத்தது. கை கல்லாகக் கனத்தது. வரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் காய்ச்சலில் கிடப்பவளுக்கு அறிவு எதற்குப் பயன்படும்? அம்மன் கோபித்துக்கொண்டாள் என்றே நினைத்து நடுங்கினேன். பாராசிட்டமால் இரண்டைப் போட்டுக்கொண்டேன். ரசம் வைத்தேன், தாளிக்கவில்லை. நாற்பது வருடமாக இந்த நாட்டில் வரி கட்டுகிறவள், அன்றைக்குக் கடுகு டப்பாவைத் தொடப் பயந்தேன். ஆக்லாந்திலிருந்து மகள் மணிக்கொரு தரம் கூப்பிட்டாள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

அண்ணனுக்கு அப்படி விடவில்லை. மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். கொப்புளம் கண்டவுடனே வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நெற்றிக் காயம் ஆறி, தழும்பாகிவிட்டது. வலி மட்டும் இன்னும் மின்னல் மாதிரி வந்து போகிறதாம். கண் எவ்வளவு திரும்பும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. உடம்பு தேறியதும் டாக்டரிடம் கேட்டு, அந்த ஊசியை மதினிக்கும் போட்டுவிட வேண்டும் என்கிறார் அண்ணன். மதினி பார்க்கலாம் என்கிறார். எனக்கு அடுத்த வாரம் இரண்டாவது ஊசி. போகத்தான் போகிறேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

இப்போதெல்லாம் அண்ணன் தினமும் காலையில் வீடியோவில் கூப்பிடுகிறார். கண்ணைச் சோதித்துப் பார்க்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும், அது நான்தான். முதலில் இரண்டு கண்ணாலும் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்பார். பிறகு நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பேன். "வெளிச்சம் தெரியுது பாப்பா. ஆளு தெரியல" என்பார். நான் எழுந்து நாற்காலியை ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டு, இந்த ஊர் வெயில் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, "இப்ப?" என்று கேட்பேன்.