பறிப்பவன் கையையும் அளந்தவர்

"கடைக்காரம்மா போயிட்டாங்கடி" என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் பதுளையில், அலுவலகத்தில் இருந்தேன்.

"யாரு சொன்னா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"பக்கத்துக் கடைக்காரரு."

"அவரு கண்ணால பாத்தாரா?"

அக்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "அவங்க மாதிரியே கேக்குற" என்றாள்.

லுணுகலைக் கடைத்தெருவில் கடைக்காரம்மா ரோசலினம்மாவிடம் கத்தி வாங்கியவர்களுக்கு அக்கா ஏன் சிரித்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் யாரையும் நம்பியதில்லை. ஞாயிறு பூசைக்குப் போனாலும் கடைப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். பட்டம் பெற்ற மகிழ்ச்சியில் நான் லட்டு கொண்டுபோனபோது, "எதுக்கு இது? யாரு குடுத்தா? நீ ஒண்ணு மொதல்ல தின்னு" என்றார். தின்றேன். அதன் பிறகுதான் எடுத்துக்கொண்டார்.

தேயிலைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி, புதர் வெட்டும் மன்னாக் கத்தி, புல் அறுக்கும் அரிவாள் எல்லாம் அவர் கடையில் தொங்கும். ஆனாலும் ஆட்கள் ஆசையோடு பார்ப்பது கூர்க்கா கத்தியைத்தான். நடுவில் முன்பக்கமாக வளைந்து, முனைப்பக்கம் கனத்து, ஓங்கினால் தானாகவே இறங்கும் கத்தி அது. பட்டறையில் லொறி வில் தகட்டை அடித்துச் செய்தது. சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவுகள் வைத்திருந்தார்.

கேட்டதை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. கத்தியைக் கையில் தந்து, "கைய நேரா நீட்டிப் பிடி" என்பார். பிடித்துக்கொண்டிருக்கும்போதே விசாரணை தொடங்கிவிடும். யாருக்கு? எதை வெட்ட? வீட்டில் எங்கே வைப்பாய்? முனை தாழ்ந்தால் அந்தக் கனம் அந்தக் கைக்கு ஆகாது. பதில் சொல்லும்போது தாழ்ந்தால் அந்தப் பதில் ஆகாது. "பொய் சொல்றவனுக்கு மொதல்ல கைதான் மறந்துபோவும்" என்பது அவர் எண்ணம்.

தோட்டக் காவலுக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பெரியதைக் கேட்டு வந்த நாளில் நானும் கடையில் இருந்தேன்.

"பன்னி வந்தா வெட்டுவியா, ஓடுவியா?"

அவர் யோசித்தார். "ஓடுவேம்மா."

"அப்ப சின்னதே போதும். ஓடுறப்ப கனக்காது."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சிறியதை வாங்கிப் போனார். எல்லாரும் அப்படிச் சிரித்ததில்லை. குருத்தோலை வெட்டக் கத்தி கேட்ட தேவாலயத்து உபதேசியாரையே "ஓலைக்கு இவ்வளவு நீளம் எதுக்கு?" என்று நிறுத்தி வைத்தவர் அவர். கோபித்துக்கொண்டு பதுளைக்குப் போய்க் கத்தி வாங்கியவர்கள் உண்டு.

அக்கா கத்தி வாங்கப் போனபோது துணைக்குப் போயிருந்தேன். நான் பல்கலைக்கழக விடுமுறையில் அவளுடைய தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் தங்கியிருந்தேன். அக்காவின் கணவர் குடித்துவிட்டு அடிப்பது லயம் முழுக்கத் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், நாங்களும்தான். அக்கா பெரிய கூர்க்கா கத்தியைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"வெறகு பொளக்க."

"எங்க வைப்பே?"

முனை மெல்லத் தாழ்ந்தது. அக்கா தரையைப் பார்த்து, "தலைமாட்டுல" என்றாள்.

ரோசலினம்மா வேறொன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள பேசாது, ஆனா எல்லாத்தையும் பாக்குது" என்றார். பெரியதை வாங்கி மாட்டிவிட்டு, இருந்ததிலேயே சிறியதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாணைக்கல் சத்தம் வெகுநேரம் கேட்டது. கத்தியைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் அது கத்தரிக்காயைக்கூட வெட்டவில்லை. அவரை நம்பி வாங்கிய எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுநாள் தனியாகப் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"வெட்டலையா? நல்லது" என்றார். அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். ஏமாற்றுக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் கத்தலைக் கேட்டு ஓடினேன். அடி தாங்காமல் அவள் தலையணைக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்திருக்கிறாள். நான் வாசலுக்கு வரும்போது அது அவள் கணவர் கையில் இருந்தது. அவள் கழுத்தைப் பார்த்து ஓங்கி இறக்கினார். அவள் விலகியதில் தோளில் விழுந்தது.

ரத்தம் வரவில்லை.

அவரே திகைத்துக் கத்தியைக் கீழே போட்டார். நான் அதை எடுத்துக்கொண்டேன். இருவரும் இறங்கி ஓடினோம். கடைத்தெருவுக்கு வந்ததும் அக்கா நேராக ரோசலினம்மாவின் கடைக்குள் போனாள்.

"பறிச்சானா?" என்று கேட்டார். எதிர்பார்த்திருந்தவர் போலிருந்தது. அக்காவின் தோளை அழுத்திப் பார்த்தார். கருநீலமாகக் கன்றியிருந்தது. "எலும்பு ஒடையல. பெருசா இருந்தா கூர் இல்லாட்டியும் ஒடைச்சிருக்கும்."

"அன்னைக்குச் சாணை சத்தம் கேட்டுச்சே?" என்றேன்.

"கூர மழுக்கினேன். சத்தம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

"குடுக்காமலே அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பியிருந்தா வேற கடைக்குப் போய்ப் பெருசா வாங்கியிருப்பா." அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பயந்து கத்தி வாங்க வர்றவ தன் கைய மட்டுந்தான் நெனைப்பா. பறிக்கிறவன் கையையும் நான்தானே அளக்கணும்?"

கடையைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு எங்களோடு பொலிசுக்கு வந்தார். "படிச்ச புள்ளதானே, என்ன எழுதுறாங்கன்னு வரிவரியாப் பாரு" என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா அதன்பின் அந்த லயத்துக்குத் திரும்பவில்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அம்மாவோடு இருக்கிறாள். அங்கே குடியேறிய பிறகு ஒருநாள் ரோசலினம்மா அந்தக் கத்தியைக் கொண்டுவரச் சொல்லித் தீட்டித் தந்தார். "இனி காய் வெட்டு" என்றார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் லுணுகலைக்குப் போயிருந்தேன். கடையில் அவருடைய தங்கை மகன் இருந்தார். ஒரு பெண் பெரிய கூர்க்கா கத்தியைக் காட்ட, அவர் ஒன்றும் கேட்காமல் தாளில் சுற்றத் தொடங்கினார். முன்பின் தெரியாதவர்களிடம் நான் பேசுவதில்லை. அன்று பேசினேன்.

"ஏங்க, அது எதுக்கு?"

"பலாக்கா வெட்ட."

"கொஞ்சம் நீட்டிப் பிடிங்களேன். வீட்டுல எங்க வைப்பீங்க?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுற்றிய தாளைப் பிரித்து, கத்தியை நேராக நீட்டினாள். "குசினியில, அடுப்புப் பக்கத்துக் கதவுக்குப் பின்னால. வேற எங்க வைப்பாங்க? நீ என்ன, கடைக்காரம்மா மகளா?"

முனை தாழவில்லை. "கொண்டுபோங்க" என்றேன்.

அவருக்கு மகள் இல்லை. ஆனால் அவருடைய சந்தேகம் என்னிடம் இருக்கிறது.