அந்தம்மாகிட்ட எப்படிங்க இல்லைன்னு சொல்றது?

தொழிற்சாலையில் பயிற்சி கொடுக்கிற உத்தியோகம் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: உற்பத்தி கூடினால் பெயர் மிஷினுக்கு, குறைந்தால் பழி நமக்கு. அந்த உத்தியோகத்தில் இருந்தவர்கள், இருப்பவர்கள், இனிமேல் மாட்டிக்கொள்ளப் போகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

கம்பி ரூம்

தொண்ணூறுகளின் கடைசியில் கோயமுத்தூரில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தேன். பெயர்தான் அதிகாரி. எனக்குக் கீழே இருந்தது நாலு கம்ப்யூட்டர்களும் ஒரு மோடமும்தான். முதலாளியின் மகன் ஸ்ரீதர் வெளிநாட்டில் ஒரு பெரிய ஆர்டர் பேசிவிட்டு வந்திருந்தார். வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற பிரிவில் புது மிஷின் வரவேண்டும், அங்கே வேலை செய்கிற இருபது பேரும் அதில் முறையாகப் பயிற்சி பெற்றுப் பரீட்சையில் தேறவேண்டும். அதற்காக ஸ்ரீதர் பெங்களூர் கம்பெனி ஒன்றிடம் கம்ப்யூட்டர் பாடம் வாங்கினார். பாடம் சி.டி.யில் வரும். பரீட்சை மட்டும் டெலிபோன் லைன் வழியாக ஆன்லைனில் பெங்களூருக்குப் போய், மார்க்கோடு திரும்பி வரும். எங்கள் ஊருக்கு அது பெரிய அதிசயம்.

பெரிய முதலாளிக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. அதற்குமுன் செம்புக் கம்பிச் சுருள்களை அடுக்கி வைத்திருந்த அறையைத்தான் காலி செய்து, ஏசி போட்டு, எனக்குக் கொடுத்திருந்தார்கள். கம்பிச் சுருளெல்லாம் வராந்தாவில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என் கதவையும் ஒரு பார்வை பார்ப்பார். சேர்ந்த அன்றைக்கே கூப்பிட்டு, கோபமே இல்லாமல், ரொம்பத் தன்மையாகச் சொன்னார்:

"பரீட்சையில எல்லாரும் தேறிட்டா உங்க டப்பா அங்கயே இருக்கட்டுங்க அம்மணி. இல்லீன்னா கம்பி உள்ள வந்துருமுங்க, நீங்க வேற எடம் பாத்துக்குங்."

டீ மணி அடித்த பிறகு

பாடத்தை நடத்தியது ஒரு பெண் குரல். சென்னையில் யாரோ ஓர் அம்மா பேசிப் பதிவு செய்தது. இனிமையான குரல், அவசரமே படாது. திரையில் மிஷின் படம் வரும், ஹெட்போனில் அந்த அம்மா விளக்குவார். ஒவ்வொரு பாடமும் முடிந்ததும், "புரிந்ததா?" என்று கேட்பார். திரையில் "ஆம்", "இல்லை" என்று இரண்டு பட்டன் வரும். "இல்லை"யை அமுக்கினால் பாடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். இதையெல்லாம் முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

கம்பி சுற்றும் பிரிவிலேயே மூத்தவர் சரஸ்வதி அக்கா. வாசலில் செருப்பை விட்டு, குழாயில் கைகால் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். ஹெட்போனை மாட்டியதும், அந்த அம்மா சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சரிங்க", "ஆமாங்க" என்று வாய்விட்டுப் பதில் சொல்வார். காதில் மாட்டியிருப்பதால் தன் சத்தம் தனக்குத் தெரியாது. வராந்தாவரைக்கும் கேட்கும். ஒரு நாள் டீ மணி அடித்தது. மற்றவர்கள் எழுந்து போனார்கள், அக்கா அசையவில்லை. நான் போய், "அக்கா, இந்த பட்டனை அமுக்கினா அப்படியே நிக்கும். டீ குடிச்சிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து கேட்டுக்கலாம்" என்றேன். அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தி, அந்த அம்மா காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோலத் தணிந்த குரலில் சொன்னார்:

"ஏனுங்க டீச்சர், ஒருத்தர் பேசிட்டு இருக்கறப்ப பாதியில எந்திரிச்சு டீக்குப் போனா நல்லாவா இருக்குமுங்க?"

ஹலோ, யாருங்க?

மோடத்துக்குத் தனி லைன் கிடையாது. பெரிய முதலாளி மேஜையில் இருந்த அதே டெலிபோன்தான். லைன் சேரும்போது அது போடுகிற சத்தத்தை அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க முடியாது. கீச்சென்று ஆரம்பித்து, கரகரத்து, இழுத்து, கடைசியில் ஒரு மாதிரி அடங்கும். அந்த நேரத்தில் யாராவது ரிசீவரை எடுத்தால் எல்லாம் போச்சு.

ஒரு மாதிரிப் பரீட்சையை அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரோட்டு டீலரிடம் பேசவேண்டும் என்று பெரிய முதலாளி அங்கே ரிசீவரை எடுத்திருக்கிறார். சத்தத்தைக் கேட்டு உடனே வைத்திருந்தாலாவது பரவாயில்லை. மரியாதைக்காரர் இல்லையா, "ஹலோ, யாருங்க? சொல்லுங்" என்று அதனிடம் வெகுநேரம் விசாரித்திருக்கிறார். என் திரையில் லைன் அறுந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் "ஹலோ". கடைசியில் மனிதர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு என் அறை வாசலுக்கே வந்துவிட்டார். முகத்தில் உண்மையான கவலை.

"அம்மணி, லைன்ல யாரோ ரொம்பக் கஷ்டத்துல இருக்கறாப்ல தெரியுதுங்க. பேரு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க."

எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை கம்பி சுற்றுகிறவர்கள் என் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். அதனால் என்னிடம் ரொம்பத் தயங்கி, "உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லீங்களே?" என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். தாராளமாகச் செய்யுங்கள் என்றேன். பூஜை முடிந்து திரும்பி வந்து பார்த்தால் அறை கல்யாண வீடாக இருந்தது. மானிட்டருக்கு மாலை, விசைப்பலகையில் வரிசை தவறாமல் பொரி. சக்கரம் வைத்த எதற்கும் எலுமிச்சம்பழம் நசுக்கியாகவேண்டும் அல்லவா? கம்ப்யூட்டருக்குச் சக்கரம் இல்லை, என் நாற்காலிக்கு இருந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பழம் வைத்து, என் நாற்காலியை உருட்டி முடித்திருந்தார்கள்.

அதெல்லாம் சரி. பாடத்தைப் போட்டால் அந்த அம்மா திக்கித் திக்கிப் பேசினார். "மிஷ்... மிஷ்... மிஷ்..." என்று ஒரே இடத்தில் நின்றார். சி.டி.யை வெளியே எடுத்தேன். பளபளக்கிற பக்கத்தில் அழகாகச் சந்தனம், நடுவில் குங்குமம். ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே, யார் வேலை இது என்று கேட்டேன். லேத் பட்டறையிலிருந்து புதிதாகக் கம்பி சுற்றும் பிரிவுக்கு மாறிவந்த பொன்னுசாமி அண்ணன் முன்னால் வந்தார். ஆள் ஆறடி, குரல் மட்டும் பூனைக்குட்டி.

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுப்போட்டு, பாடஞ்சொல்றவீங்களுக்கு மட்டும் வெக்காம உடறதுக்கு மனசு வரலைங்க."

எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது

பாடங்கள் மின்னல் வேகத்தில் முடிந்தன. ஒருவர்கூட ஒரு பாடத்தையும் திரும்பக் கேட்கவில்லை. என் பயிற்சியின் மகிமை என்று நினைத்து, நான் ஸ்ரீதரிடம் வேறு பீற்றிக்கொண்டேன். அப்புறம் முதல் பரீட்சை நடந்தது. இருபது பேரில் தேறியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதிலும் விரல் மிச்சம் இருக்கும். பெரிய முதலாளி நேராக வராந்தாவுக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். அன்றைக்குக் காந்திபுரத்தில் பஸ் மாறும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆர்.எஸ்.புரத்து வீட்டில் அப்பாவிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. மறுபரீட்சைக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான் பாக்கி.

அடுத்த நாள் பொன்னுசாமி அண்ணன் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கம்பியின் இழுவிசை பற்றிய பாடம். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. நெற்றியைச் சுருக்குகிறார், தலையைச் சொறிகிறார். பாடம் முடிந்தது. அந்த அம்மா "புரிந்ததா?" என்று கேட்டார். அண்ணன் பளிச்சென்று சிரித்து, "ஆமாங்க" என்று சொல்லி "ஆம்" பட்டனை அமுக்கினார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ஏன் அண்ணா, புரியாததைப் புரிஞ்சதுன்னு அமுக்கினா நான் என்ன செய்யட்டும்?" என்றேன். அவர் பதறிப்போய் ஹெட்போனைக் கழற்றினார்.

"அந்தம்மா இவ்வளவு நேரம் தொண்டத்தண்ணி வத்தச் சொல்லியிருக்கறாங்க. அவீங்க மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

மூச்சு வாங்குகிற அம்மா

அந்த அம்மாவுக்கு மூஞ்சியே கிடையாது என்று வாதாடிப் பிரயோஜனம் இல்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நானும் இந்த ஊர்க்காரிதான். விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாத குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். பெங்களூருக்குப் போன் போட்டேன். அந்த மேலாளருக்கு விஷயமே விளங்கவில்லை. "இல்லை என்றால் இல்லை என்று அமுக்க வேண்டியதுதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் ஸ்ரீதர் பேசி, குரல் கொடுத்த அம்மாவையே மறுபடி ஸ்டுடியோவுக்கு வரவழைக்க ஏற்பாடு செய்தார். "புரிந்ததா?" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக, "மறுக்கா ஒருக்கா சொல்லட்டுங்களா?" என்று அந்த அம்மா கேட்கவேண்டும். பட்டனில் "ஆம்", "இல்லை" வேண்டாம். "சொல்லுங்க", "போதுங்க" என்று இருக்கட்டும்.

அந்த அம்மாவுக்கு நான் டெலிபோனில் பாடம் எடுத்தேன். ஆமாம், எங்களுக்கெல்லாம் பாடம் நடத்திய குரலுக்கு நான் பாடம் நடத்தினேன். மயிலாப்பூர்க்காரர், நல்ல மனுஷி. "சொல்லட்டுமா" என்றார். இல்லைங்க, "சொல்லட்டுங்களா" என்றேன். "சரி" என்றார். அதுவும் "சரிங்க" என்றேன். கால் மணி நேரம் பழகியபின் களைத்துப்போய்ச் சிரித்தார்:

"உங்க ஊர்ல ஒரு நாளைக்கு இத்தனை 'ங்க' போட்டுட்டு, வேலை செய்யறதுக்கும் மூச்சு மிச்சம் இருக்கா?"

போதுங்க என்று சொல்ல ஆளில்லை

புது சி.டி. கூரியரில் வந்தது. போட்டோம். பாடம் முடிந்ததும் அந்த அம்மா வாஞ்சையாக, "மறுக்கா ஒருக்கா சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். சரஸ்வதி அக்கா முகம் மலர்ந்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்று அமுக்கினார். நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். இரண்டாவது தடவை முடிந்தது. அந்த அம்மா அதே வாஞ்சையுடன் மறுபடி கேட்டார். அக்கா மறுபடி "சொல்லுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருத்தர் இவ்வளவு ஆசையாக, இன்னொருக்கா சொல்லட்டுங்களா என்று கேட்கும்போது, போதுங்க என்று எழுந்துபோக இந்த ஊரில் யாருக்கு மனசு வரும்? நாலு கம்ப்யூட்டரிலும் பாடம் சுற்றிச் சுற்றி ஓடியது. வெளியே மிஷின்கள் ஆளில்லாமல் நின்றன.

விஷயம் பெரிய முதலாளிக்குப் போய்விட்டது. கூடவே கம்பிச் சுருள் தூக்க இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு நேராக வந்தார். "அப்படி என்னதான் சொல்லுது அந்த டப்பா?" என்று கேட்டு, ஒருவர் எழுந்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை வாங்கி மாட்டினார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். பாடம் முடிந்தது. அந்த அம்மா கேட்டார். பெரிய முதலாளி என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "போதுங்க" பக்கம் கை போனது, அந்தரத்தில் நின்றது, திரும்பி வந்தது. "சொல்லுங்கம்மா" என்றார். பிறகு மறுபடி, பிறகு இன்னொரு தடவை. கூட வந்த ஆட்கள் வாசலில் குந்தி உட்கார்ந்து தூங்கியே விட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது அவர் அவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"கம்பி அங்கியே இருக்கட்டும்பா. அந்தம்மா இன்னும் முடிக்கலை."

ரிசீவர் மேல் ஒரு கை

அன்றைக்கே ஒரு ஏற்பாடு செய்தேன். மூன்றாவது தடவை முடிந்ததும் நானே போய், "அந்தம்மா கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுங்க" என்று சொல்லி எழுப்பிவிடுவேன். அதை மட்டும் யாரும் தட்டவில்லை. களைத்த மனுஷியைப் பேசவைப்பது அதைவிட மரியாதைக் குறைவு. வேலையும் நின்றுபோகவில்லை. மூன்று தடவை கேட்டதில் எல்லோருக்கும் பாடம் கரைத்துக் குடித்தமாதிரி ஆகிவிட்டது. பொன்னுசாமி அண்ணன் இழுவிசையைப் பற்றி டீக்கடையில் பிரசங்கமே நடத்தினார்.

மறுபரீட்சை நாளில் பெரிய முதலாளி டெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரிசீவர் மேல் கையை வைத்தவர் எடுக்கவில்லை. யார் வந்து கேட்டாலும் உதட்டில் விரலை வைத்து, "உள்ள பரீட்சை போய்ட்டு இருக்குது" என்றார். ஈரோட்டு டீலருக்கு முந்தைய நாளே சொல்லி வைத்துவிட்டாராம். லைன் ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. சாயங்காலம் மார்க் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறியது. இருபது பேரும் தேறியிருந்தார்கள். சரஸ்வதி அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். நான் அழுதேன், இந்தத் தடவை சந்தோஷத்தில், வெட்கமே படாமல். ஓடிப்போய்ப் பெரிய முதலாளியிடம் சொன்னேன். அவர் மெதுவாக ரிசீவரிலிருந்து கையை எடுத்து, மரத்துப்போன விரல்களை நீவிக்கொண்டு, தார்ப்பாய் இருக்கிற பக்கம் பார்த்தார்.

"கம்பிக்கு ஒரு கொட்டாய் போட்டுக்கலாமுங்க அம்மணி. அந்தம்மாவக் கெளப்பி உட்டா அவீங்க எங்க போவாங்க?"

அதற்கப்புறம் எத்தனையோ கம்பெனிகளில் எத்தனையோ பயிற்சி நடத்திவிட்டேன், ஆனாலும் எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே "நல்லாப் புரிஞ்சுதுங்க" என்று சொன்னால் மட்டும், இன்றைக்கும் மறுக்கா ஒருக்கா சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.